சத்தம் போடும் மோட்டார் சற்றுக் காத்திருக்கட்டும்

நீச்சல் குளப் பொறியாளரின் பதில்

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் தன் வீட்டு நீச்சல் குளத்தைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வீடு. குளம் வீட்டோடு வந்தது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். கட்டி 15 ஆண்டுகள் ஆகின்றன. பம்ப், மணல் ஃபில்டர், நீருக்குள் எரியும் விளக்கு எல்லாம் கட்டியபோது வைத்தவையே. உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவியை மட்டும் ஏழு ஆண்டுகளுக்கு முன் பழைய உரிமையாளர் சேர்த்திருக்கிறார்.

இப்போது எல்லாம் ஒரே சமயத்தில் தகராறு செய்கின்றன. மோட்டார் கிரீச்சிடுகிறது, அதன் அடியில் எப்போதும் ஈரம். குளத்தின் தரையில் மணல் படிகிறது, தண்ணீர் கலங்கலாக இருக்கிறது. உப்புக் கருவியில் 'உப்புக் குறைவு' விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. மூட்டை மூட்டையாகக் கொட்டியும் அணையவில்லை. குளத்தைப் பராமரிப்பவர், எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டும் என்கிறார். 1 குதிரைத்திறன் பம்ப்புக்குப் பதில் 2 குதிரைத்திறன் பம்ப் போட்டால் தண்ணீர் கண்ணாடி போலாகிவிடுமாம். பாதியை மட்டும் மாற்றினால் எதற்கும் உத்தரவாதம் தர முடியாதாம். கொழுந்தனாரோ, பேரிங்கை மாற்றினால் போதும், மற்றதெல்லாம் வியாபாரத் தந்திரம் என்கிறார். கணவர் இருவர் பேச்சையும் கேட்டுவிட்டு மௌனமாக இருக்கிறார். யார் சொல்வது சரி, எதை முதலில் மாற்றுவது என்பது வாசகியின் கேள்வி.

கையெழுத்துக்குக் கீழே, மறந்துபோய் நினைவுக்கு வந்தவை போல, இன்னும் சில வரிகள் இருந்தன. மழை நாட்களில் மின்கசிவுப் பாதுகாப்பு ஸ்விட்ச் அடிக்கடி விழுந்ததால் பராமரிப்பவர் அதை விலக்கிவிட்டு நேரடி இணைப்புக் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு அந்தத் தொல்லை இல்லை. மாலையில் விளக்கு எரியும்போது ஏணியைப் பிடித்தால் பிள்ளைகளுக்கு லேசாகச் சுரீர் என்கிறதாம். குளத்தின் அடியிலுள்ள வடிகால் மூடியில் ஒரு திருகு இல்லை. கணவர் நைலான் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தைப் பின்குறிப்பிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டியிருந்தது. மோட்டார், மணல், உப்பு பற்றி நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பவை எல்லாம் பணமும் பொறுமையும் சம்பந்தப்பட்டவை. கடைசியில் சொல்லிவிட்டுப் போன மூன்று விஷயங்களும் உயிர் சம்பந்தப்பட்டவை. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பழுதான கருவிகளில் சத்தம் போடுபவையும் கண்ணுக்குத் தெரிபவையும்தான் எல்லோர் கவனத்தையும் பிடிக்கின்றன. ஆபத்தானவை பெரும்பாலும் சத்தமே போடுவதில்லை.

இன்றைக்கே செய்ய வேண்டியது

இதைப் படித்து முடித்ததும், உலர்ந்த கையோடும் செருப்பணிந்த காலோடும் போய், குளத்துக்குப் போகும் மின்சாரம் முழுவதையும் வீட்டின் பிரதான பலகையிலேயே துண்டியுங்கள். பம்ப், உப்புக் கருவி, விளக்கு, எதுவும் விடுபடக் கூடாது. குளத்தருகில் இருக்கும் ஸ்விட்சை அணைத்தால் போதாது. மின்பணியாளர் வந்து அளந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை யாரும் குளத்தில் இறங்கக் கூடாது. ஏணியையும் ஓரத்துக் கைப்பிடியையும் தொடக் கூடாது.

"லேசாகச் சுரீர்" என்று எழுதியிருக்கிறீர்கள். கரையில் நிற்பவருக்கு லேசாக இருப்பது, தண்ணீருக்குள் உடல் முழுக்க நனைந்திருப்பவருக்கு லேசாக இருப்பதில்லை. நனைந்த தோலின் மின்தடை வெகுவாகக் குறைந்துவிடும். சில மில்லியாம்பியர் மின்னோட்டமே தசைகளை இறுக்கிப் பிடித்துவிடும். நீந்தத் தெரிந்தவரும் கைகால் அசைக்க முடியாமல் மூழ்கிவிடுவார். பார்ப்பவர்களுக்கு அது சாதாரணமாக மூழ்கியது போலத்தான் தெரியும். ஒருவேளை அப்படி நேர்ந்தால் உடனே தண்ணீரில் குதிக்காதீர்கள் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்; பிறகு மின்சாரம் கடத்தாத கோலையோ மிதவைக் கயிற்றையோ நீட்ட வேண்டும். குளத்தைச் சுத்தம் செய்யும் நீளமான கோல் பெரும்பாலும் அலுமினியம். அது வேண்டாம்.

அடுத்து அந்த ஸ்விட்ச். அது விழுந்துகொண்டே இருந்தது பழுதினால் அல்ல. அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆளைக் காப்பதற்கான ஸ்விட்ச், வித்தியாசம் 30 மில்லியாம்பியரைத் தொடுவதற்குள் இணைப்பை வெட்டிவிடும்; சில நாடுகளில் குளங்களுக்கு இதைவிடக் குறைந்த அளவே விதி. மழை நாளில் விழுந்தது என்றால், ஈரம் புகுந்த ஏதோ ஓர் இடத்தில் மின்சாரம் கசிந்தது என்று பொருள். அதை விலக்கியதால் கசிவு நிற்கவில்லை. கசிவைச் சொல்லிக்கொண்டிருந்த வாய் அடைக்கப்பட்டது, அவ்வளவுதான். எத்தனையோ மோசமான வேலைகளைப் பார்த்திருக்கிறேன். எந்தக் காரணம் சொன்னாலும் என்னால் மன்னிக்க முடியாதது இந்த ஒன்றுதான். இதைச் செய்தவர் மற்ற வேலைகளில் கெட்டிக்காரராகவே இருக்கலாம். உங்கள் குளத்தின் மின் இணைப்பில் அவர் இனிக் கை வைக்க வேண்டாம்.

உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து நான்கு வேலைகளைக் கேளுங்கள். பாதுகாப்பு ஸ்விட்சைத் திரும்ப இணைத்து, அது குறித்த அளவில் விழுகிறதா என்று கருவியால் சோதிக்க வேண்டும். பம்ப் மோட்டாரின் காப்புத் தடையை, அதாவது சுருளிலிருந்து மின்சாரம் வெளியே கசியாமல் தடுக்கும் திறனை, மெகர் என்ற சோதனைக் கருவி வைத்து அளக்க வேண்டும். விளக்கின் கேபிளையும் டிரான்ஸ்ஃபார்மரையும் பரிசோதிக்க வேண்டும். ஏணி, கைப்பிடி, பம்ப்பின் உலோகப் பகுதி, குளத்தின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஆகியவை ஒன்றோடொன்று செப்புக் கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எர்த் கொடுப்பதும் இந்தப் பிணைப்பும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள், அப்படியல்ல. பிணைப்பின் நோக்கம், நீங்கள் ஒரே நேரத்தில் தொடக்கூடிய எந்த இரண்டு பொருட்களுக்கும் இடையில் மின்னழுத்த வித்தியாசம் இல்லாமல் செய்வது. உப்பு நீர்க் குளங்களில் இந்தக் கம்பியின் இணைப்புகள் மண்ணுக்கடியில் அரித்துப்போவது சாதாரணம்.

எல்லா மின்சாரத்தையும் துண்டித்த பிறகும் மின்பணியாளரின் மீட்டர் ஏணியில் மின்னழுத்தம் காட்டினால், கோளாறு உங்கள் வீட்டுக்கு வெளியே, விநியோகக் கம்பியின் நியூட்ரலில் இருக்கலாம். அப்போது மின்விநியோக நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை வைத்து நீங்களே பார்த்துவிடலாம் என்று கொழுந்தனார் முன்வருவார். வேண்டாம்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய குளங்கள் சிலவற்றில் வீட்டு மின்னழுத்தமே நீருக்குள் இருக்கும் விளக்குக்குப் போகிறது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60364-7-702 தரநிலை, குளத்து நீருக்குள் இருக்கும் கருவிக்கு 12 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மேல் கூடாது என்கிறது. உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு, 12 வோல்ட் இல்லையென்றால் பேச்சுக்கே இடமின்றி மாற்றுங்கள். இதற்காகக் குளத்தைக் காலி செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். சுவர்க் குழிக்குள் அமர்ந்திருக்கும் விளக்குகளுக்குப் பின்னால் கேபிள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். விளக்கைக் கழற்றிக் கரைக்கே தூக்கிவிடலாம். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் பருவத்தில் காலியான குளம், அடியிலிருந்து வரும் அழுத்தத்தால் படகு போல மேலே எழும்பி விரிசல் விடும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் உங்கள் பராமரிப்பாளரின் மதிப்பீடு சில்லறைக் காசு.

நைலான் கயிறு கட்டிய மூடி

உங்கள் கணவர் கெட்டிக்காரத்தனமாகக் கட்டியிருப்பார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு சின்னக் கணக்கு. அடி வடிகாலின் வாய் 20 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். மூடி விலகிய வாயை ஒரு குழந்தையின் உடல் அடைத்து, பம்ப் அரை பார் (காற்றழுத்தத்தில் ஏறக்குறையப் பாதி) அளவு வெற்றிடத்தை உண்டாக்கினால், குழந்தையை அந்த வாயோடு அழுத்திப் பிடிக்கும் விசை சுமார் 160 கிலோ எடைக்குச் சமம். கரையிலிருந்து இழுத்து விடுவிக்க முடியாது. நீளமான தலைமுடி மூடியின் துளைகளுக்குள் சிக்கிக்கொள்வது இன்னொரு ஆபத்து.

அமெரிக்காவில் 2002இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இப்படி வடிகாலில் சிக்கி இறந்தாள். அவள் பெயராலேயே 2007இல் வர்ஜினியா கிரேம் பேக்கர் சட்டம் வந்தது. அந்த நாட்டில் விற்கப்படும் வடிகால் மூடிகள் எல்லாம் சிக்கலைத் தடுக்கும் வடிவமைப்பில் இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. சட்டம் எந்த நாட்டுடையது என்பது உங்களுக்கு முக்கியமில்லை. அதன் பின்னால் உள்ள இயற்பியல் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

பலருக்குத் தெரியாத செய்தி, இந்த மூடிக்கும் ஆயுட்காலம் உண்டு என்பது. குளோரினும் வெயிலும் பிளாஸ்டிக்கை நொறுங்க வைக்கின்றன. அதனால் எத்தனை ஆண்டுகள் பயன்படுத்தலாம் என்றும், நிமிடத்துக்கு எவ்வளவு நீர் ஓட்டத்துக்குத் தகுந்தது என்றும் தரமான மூடியின் மேலேயே பொறித்திருப்பார்கள். 15 வயதான மூடி திருகு சரியாக இருந்தாலும் காலாவதியானதே. புதிய மூடி வரும்வரை அடி வடிகாலின் வால்வை மூடிவிட்டு, நீர்மட்டத்தில் மிதக்கும் குப்பையை இழுக்கும் வாயான ஸ்கிம்மர் வழியாக மட்டுமே பம்ப் இழுக்கும்படி வையுங்கள். மூடியைத் தண்ணீர் இருக்கும்போதே மாற்ற முடியும். இறங்கும் நேரத்தில் பம்ப்புக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். திருகு கவ்வும் அடிச்சட்டம் உடைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் திருகு காணாமல்போவதற்குக் காரணம் அந்தச் சட்டத்தில் மரை தேய்ந்திருப்பதுதான்.

கொழுந்தனாரும் பராமரிப்பவரும்

இனி மோட்டார். இதில் இருவருமே பாதி சரி.

கிரீச்சென்ற சத்தம் பேரிங் தேய்ந்ததைக் காட்டுகிறது. கொழுந்தனார் நோயைச் சரியாகவே சொன்னார். அடியில் உள்ள ஈரத்தை மட்டும் அவர் கவனிக்கவில்லை. பம்ப்புக்கும் மோட்டாருக்கும் நடுவில், தண்ணீர் மோட்டார் பக்கம் போகாமல் தடுக்கும் சீல் ஒன்று இருக்கிறது. அது தேய்ந்தால் நீர் கசிந்து முதலில் பேரிங்கை அரிக்கும். பிறகு ஈரம் மோட்டாரின் சுருள்வரை போகும். ஈரமான சுருளிலிருந்து மின்சாரம் கசியும். பாதுகாப்பு ஸ்விட்ச் விழும். உங்கள் வீட்டில் நடந்தது இதே வரிசையாக இருக்க நிறைய வாய்ப்பிருக்கிறது. சீலை விட்டுவிட்டுப் பேரிங்கை மட்டும் மாற்றினால், சில மாதங்களில் அதே சத்தம் திரும்பிவிடும்.

ஆகவே மெகர் அளவீடே இங்கே தீர்ப்புச் சொல்லட்டும். காப்புத் தடை நன்றாக இருந்து, தண்டு அரிக்காமல் இருந்தால், சீலும் பேரிங்கும் மாற்றி இன்னும் ஓரிரு ஆண்டுகள் ஓட்டலாம்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தடை ஒரு மெகாஓமுக்குக் கீழே போயிருந்தால் பழைய மோட்டாருக்கு விடை கொடுங்கள்.

புதிது வாங்குவதானால் 2 குதிரைத்திறன் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். உங்கள் குளம் ஏறக்குறைய 45,000 லிட்டர். வீட்டுக் குளத்துக்கு எட்டு மணி நேரத்தில் ஒரு சுற்று என்பது வழக்கமான அளவு. மணிக்கு 5,600 லிட்டர் போதும். உங்கள் ஃபில்டர் 500 மி.மீ. விட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு சதுர மீட்டர் மணலுக்கு மணிக்கு 50 கன மீட்டர் என்ற உயர்ந்த அளவை எடுத்தாலும் அது தாங்குவது மணிக்கு 9,800 லிட்டர். வெளிவிட்டம் 50 மி.மீ. உள்ள உறிஞ்சு குழாயில் நீர் நொடிக்கு 1.5 மீட்டருக்கு மேல் ஓடாமல் இருப்பது நல்லது. அந்தக் கணக்கில் குழாயும் மணிக்கு ஒன்பதாயிரம் லிட்டர் அளவோடு நின்றுவிடும். இப்போதிருக்கும் 1 குதிரைத்திறனே தேவைக்கு மிஞ்சியது. இதன் மேல் 2 குதிரைத்திறனைப் பொருத்தினால், அழுக்கு மணலுக்குள் தங்காமல் அதைத் துளைத்துக்கொண்டு திரும்பவும் குளத்துக்கே வரும். கலங்கல் கூடும். வடிகால் மூடியின் நீர் ஓட்ட அளவையும் மீறிவிடலாம். அந்த 160 கிலோ கணக்கு நினைவிருக்கட்டும்.

தண்ணீர் தெளிவது வேகத்தால் அல்ல, நேரத்தால். குளத்தின் கொள்ளளவு முழுவதும் ஒருமுறை ஃபில்டரைக் கடந்தது என்றால் எல்லாத் துளியும் கடந்துவிட்டது என்று பொருளில்லை. வடிகட்டிய நீர் வடிகட்டாத நீரோடு கலந்துகொண்டே இருப்பதால், நன்றாகக் கலக்கும் குளத்தில் ஒரு சுற்றில் ஃபில்டரைக் கண்டிருப்பது சுமார் 63 சதவீத நீர். இரண்டு சுற்றில் 86, மூன்றில் 95. மெதுவாக, நீண்ட நேரம் ஓட்டுவதுதான் பலன் தரும்.

இங்கேதான் வேகத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய பம்ப் உதவுகிறது. சுழலும் வேகத்தைப் பாதியாக்கினால் நீர் ஓட்டம் பாதியாகும். இழுக்கும் மின்சாரமோ எட்டில் ஒரு பங்காகும். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினால் அதே அளவு நீர் வடிகட்டப்படும், மின்செலவு நான்கில் ஒரு பங்கு. இது ஏட்டுக் கணக்கு. மோட்டாரின் திறன் குறைந்த வேகத்தில் சற்றுச் சரிவதால் நடைமுறையில் மிச்சம் இதைவிடக் குறைவு. ஆனாலும் மின்கட்டணத்தில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும், சத்தமும் பெரிய அளவில் அடங்கிவிடும். அமெரிக்காவில் 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த மின்திறன் விதிகளைப் பழைய பாணிப் பெரிய ஒற்றை வேகப் பம்ப்புகளால் எட்ட முடியவில்லை என்பதிலிருந்தே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று புரியும்.

இதிலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. உப்புக் கருவி வேலை செய்யக் குறைந்தபட்ச நீர் ஓட்டம் வேண்டும், மணலைப் பேக்வாஷ் செய்ய, அதாவது நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவ, அதைவிட அதிகம் வேண்டும். ஆகவே எந்த வேலைக்கு எந்த வேகம் என்று பொருத்துபவர் அமைத்துத் தர வேண்டும். இத்தகைய பம்ப்புகளின் மின்னணுப் பகுதி எல்லா வகைப் பாதுகாப்பு ஸ்விட்சோடும் ஒத்துப்போகாது. எந்த வகை வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். மறுபடியும் அடிக்கடி விழுகிறது என்று ஒருவர் ஸ்விட்சை விலக்கும் நிலை வரக் கூடாது.

தரையில் படிவது மணல்தானா?

தண்ணீருக்குள் இறங்கலாம் என்று மின்பணியாளர் சொன்ன பிறகு, அந்தப் படிவைக் கொஞ்சம் அள்ளி விரல்களுக்கு நடுவில் தேயுங்கள். நறநறவென்றிருந்தால் மணல். கையில் கரைந்து தண்ணீரைக் கலக்கினால் அது இறந்த பாசியோ தூசியோ. அதற்கு மருந்து வேறு.

மணல்தான் என்றால், ஃபில்டரின் அடியில் விசிறி போல விரிந்திருக்கும் துளைக் குழாய்களில் ஒன்றாவது உடைந்திருக்க வேண்டும். மணலை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஓட்டைச் சாக்கில் புது அரிசி போட்ட கதையாகிவிடும். தொட்டியைக் காலி செய்து உடைந்த குழாயை மாற்றிவிட்டு, 15 ஆண்டுப் பழைய மணலையும் அதோடு மாற்றிவிடுங்கள். ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் மாற்ற வேண்டியது அது. புது மணலைக் கொட்டும் முன் தொட்டியைப் பாதிவரை தண்ணீரால் நிரப்பி, நடுக்குழாயின் வாயைத் துணியால் மூடச் சொல்லுங்கள். உலர்ந்த தொட்டிக்குள் மூட்டையைக் கவிழ்த்துப் புதுக் குழாயையும் அன்றைக்கே உடைத்துவிடும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

தொட்டி நன்றாக இருந்தால் அதை மாற்ற அவசியமில்லை. மேல் வால்வைச் சுற்றியோ கழுத்திலோ மெல்லிய விரிசல் தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் தொட்டி ஒட்டுப் போட்டுச் சரிசெய்யும் பொருள் அல்ல. பம்ப் நின்றிருக்கும்போதும் அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது செத்துப்போன அழுத்தமானி. எல்லாவற்றிலும் மலிவான பொருள் அதுவே. அது இல்லாமல் எப்போது பேக்வாஷ் செய்வது என்றே தெரியாது. சுத்தமான நிலையில் காட்டும் அளவைவிட அரை பார் கூடும்போது செய்ய வேண்டும். வாரா வாரம் வழக்கமாகச் செய்வது தண்ணீரையும் உப்பையும் வீணாக்கும். சற்று அழுக்குப் பிடித்த மணல் புத்தம் புது மணலைவிட நன்றாகவே வடிகட்டும். வால்வின் கைப்பிடியைத் திருப்பும்போது பம்ப் நின்றிருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

உப்பு மூட்டைகள்

உப்புக் கொட்டுவதை உடனே நிறுத்துங்கள். உப்பு ஆவியாகிப் போவதில்லை. பேக்வாஷ், கசிவு, வெளியே தெறிப்பது, மழையில் நிரம்பி வழிவது ஆகியவற்றால் மட்டுமே அது குறையும். கருவியில் உப்பு நீரிலிருந்து குளோரினை உண்டாக்கும் பகுதியான செல் தேய்ந்துவிட்டாலும், அதன் தகடுகளில் சுண்ணாம்பு படிந்திருந்தாலும், தண்ணீர் மிகவும் குளிர்ந்திருந்தாலும் கருவி 'உப்புக் குறைவு' என்றே சொல்லும். தண்ணீரைத் தனியாகச் சோதித்துப் பாருங்கள். பெரும்பாலான கருவிகளுக்கு ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 கிலோ உப்புப் போதும். நீங்கள் கொட்டிய மூட்டைகளின் கணக்கைப் பார்த்தால் அதைத் தாண்டி வெகுதூரம் போயிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. உங்கள் ஏணியின் அடியில் தெரியும் துருவுக்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம். அதிகமான உப்பை எடுக்க ஒரே வழி, குளத்து நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புது நீர் சேர்ப்பதுதான்.

செல் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் உழைக்கும். உங்களுடையது வாழ்ந்து முடித்துவிட்டது. அமிலத்தில் கழுவி ஒருமுறை முயன்று பார்க்கலாம். தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. திரும்பத் திரும்பக் கழுவினால் தகட்டின் மேற்பூச்சு போய்விடும். கட்டுப்பாட்டுப் பெட்டி நன்றாக இருந்தால் செல்லை மட்டும் மாற்றலாம். அதே மாதிரிக்கான செல் இன்னும் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

"இது உப்பு நீர்க் குளம் என்பதால் குளோரின் தொல்லை இல்லை, சோதனைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைத் திருத்தியே ஆக வேண்டும். அந்தக் கருவி உப்பிலிருந்து தயாரிப்பதே குளோரின்தான். லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரினும், 7.2 முதல் 7.8 வரை பிஹெச் (அமில, காரத் தன்மை) அளவும் இருக்கின்றனவா என்று நீங்கள் பார்க்கத்தான் வேண்டும். உப்புக் கருவி ஓடும் குளத்தில் பிஹெச் தானாகவே ஏறும். உங்கள் மகளின் கண் சிவப்பதற்குக் குளோரின் கூடியதுதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். பிஹெச் தப்பியதும், குளோரின் போதாமல் அழுக்கோடு கலந்து குளோரமைனாக மாறியதும் அதே சிவப்பைத் தரும். மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாசனை' அந்தக் குளோரமைனுடையது.

செல் வரும்வரை கையால் குளோரின் சேர்க்க வேண்டியிருக்கும். திரவ வகையே உங்களுக்குப் பாதுகாப்பு. வெவ்வேறு வகைக் குளோரின் தூளையும் மாத்திரையையும் ஒரே வாளியிலோ ஒரே கரண்டியிலோ கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். மின்பணியாளர் வரும்வரை தண்ணீர் பச்சையானால் பச்சையாகட்டும். பாசியைப் பிறகு ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம்.

காகிதத்தில் கேட்க வேண்டியவை

"எல்லாம் மாற்றினால்தான் உத்தரவாதம்" என்ற பேச்சில் ஒரு துளி நியாயம் இருக்கிறது: பம்ப்பும் ஃபில்டரும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், பொருந்தாத ஜோடிக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மீதி மிரட்டல். உத்தரவாதம் இரண்டு வகை. கருவிக்குத் தயாரிப்பாளர் தருவது ஒன்று. பொருத்தும் வேலைக்குப் பொருத்துபவர் தருவது இன்னொன்று. முதலாவதை இடையில் நிற்பவர் தன் விருப்பப்படி தரவோ மறுக்கவோ முடியாது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு: உரிமம் பெற்றவர் இணைத்திருக்க வேண்டும், உப்பும் பிஹெச்சும் குறித்த வரம்புக்குள் இருந்திருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று இணையத்தில் வாங்கி வீட்டிலேயே மாட்டினால் இந்த இடத்தில்தான் அடிபடும்.

மதிப்பீட்டை ஒரே தொகையாக வாங்காதீர்கள். ஒவ்வொரு கருவியின் மாதிரி எண், பம்ப் எந்த அழுத்தத்தில் எவ்வளவு நீர் தள்ளும் என்ற அளவு, வேலைக்கூலி, இரு வகை உத்தரவாதத்தின் காலம் எல்லாம் தனித்தனியாக வேண்டும். இன்னொருவரிடமும் ஒரு மதிப்பீடு கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களை வேலை முடியும்வரை கொடுத்துவிடாதீர்கள்.

பாதுகாப்பு ஸ்விட்சை விலக்கிய விஷயம் இத்தோடு முடியவில்லை. மின்பணியாளர் அதைத் திரும்ப இணைக்கும் முன், இப்போதிருக்கும் நிலையை அவரையே புகைப்படம் எடுக்கச் சொல்லி, அவர் கண்டதை எழுத்தில் வாங்கி வையுங்கள். வீட்டுக் காப்பீடு இருந்தால் குளம் பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். ஆபத்து இருப்பது தெரிந்தும் பயன்படுத்திய குளத்தில் விருந்தினர் பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால், பொறுப்பு பராமரிப்பவரோடு நில்லாமல் உங்கள் வாசலுக்கும் வரலாம். அதன் சட்ட விவரத்தை உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் பணம் இல்லை என்று தயங்கி எழுதியிருக்கிறீர்கள். தேவையும் இல்லை. மின்சாரம், வடிகால் மூடி, பிறகு ஃபில்டரின் உள்குழாயும் மணலும் அழுத்தமானியும், பிறகு செல், கடைசியில் பம்ப். மெகர் அளவீடு மோசமாக வந்தால் மட்டும் பம்ப் முன்னுக்கு வரும். மகனின் பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று வாரம்தான், அன்று பத்துப் பிள்ளைகள் நீந்த வருகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு வேலைகள் அதற்குள் எழுத்துப்பூர்வமாக முடியவில்லையென்றால், விருந்தைத் தோட்டத்தில் வைத்துக்கொண்டு குளத்தின் கதவைப் பூட்டிவிடுங்கள்.